800 மில்லி தண்ணீர்: வேதனைக்குள் ஸ்தோத்திரம் சொல்லப் பழகுவது

என் கணவருக்கு ஒரு நாளைக்கு 800 மில்லி தண்ணீர்தான். காப்பி, ரசம், கஞ்சி, மாத்திரை விழுங்குகிற மடக்கு எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். இரண்டு சிறுநீரகமும் செயலிழந்து, 2017 ஜூனிலிருந்து வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ். செவ்வாய், வியாழன், சனி. ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். நாசரேத் பக்கத்தில் இருக்கிற எங்கள் ஊரிலிருந்து திருநெல்வேலிக்குப் போய்த் திரும்ப வேண்டும். அவர் பனங்காட்டு ஊரில் பிறந்தவர். பதநீர், இளநீர், வாழைப்பழம் எல்லாவற்றிலும் பொட்டாசியம் என்று சொல்லி ஒரே நாளில் நிறுத்திவிட்டார்கள். 2021 பிப்ரவரியில் அவர் கர்த்தருக்குள் நித்திரை அடையும்வரை மூன்று வருடம் எட்டு மாதம் இப்படி ஓடியது.

அந்த நாட்களில்தான் நான் நன்றி சொல்லக் கற்றுக்கொண்டேன். ஆனால் முதல் ஐந்தாறு மாதம் தப்பான வழியில் போய் மனசு கல்லாகிவிட்டது. இப்போது டயாலிசிஸ் வீடுகளுக்கும், புற்றுநோய் வந்த வீடுகளுக்கும், பிள்ளையைப் பறிகொடுத்த வீடுகளுக்கும் போகிறபோது என்னிடம் கேட்கிறார்கள்: "டீச்சர், எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள் என்று வசனம் சொல்லுதே, எப்படிச் செய்ய?" எப்படி என்றுதான் கேட்கிறார்கள். அதனால் செய்முறையாகவே எழுதுகிறேன். நான் வேதாகமக் கல்லூரியில் படித்தவள் இல்லை. 30 வருடம் கணக்கு எடுத்தவள். கணக்கில் ஒரு படியை விட்டுவிட்டுத் தாண்டினால் விடை தப்பிவிடும். இதிலும் முதல் படியைத்தான் பெரும்பாலானவர்கள் விட்டுவிடுகிறார்கள்.

முதலில் முறையிடுங்கள்

நோய் தெரிந்த முதல் மாதம் ஜெபக்கூட்டத்தில் ஒரு சகோதரி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அழக்கூடாது, ஸ்தோத்திரம் மட்டும் சொல்லுங்க, சுகம் தானா வரும்" என்றார். அன்பாகத்தான் சொன்னார். நானும் காலையில் நாலரை மணிக்கு எழுந்து ஆயிரம் ஸ்தோத்திரம் வாசித்தேன். அப்படி வாசிக்கிற வழக்கத்தை நான் குறை சொல்லவில்லை. என் மாமி கடைசிவரை சந்தோஷமாக வாசித்தவர்கள். ஆனால் என் வாயில் ஸ்தோத்திரமும் நெஞ்சில் கோபமும் இருந்தன. சொல்லச் சொல்ல இரண்டுக்கும் நடுவே இடைவெளி பெரிதாகிக்கொண்டே போனது. தேவனிடம் பொய் பேசுகிறோம் என்று தெரிந்துகொண்டே பேசுவது எவ்வளவு களைப்பு என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

அதிலிருந்து என்னை வெளியே கொண்டுவந்தது 13ஆம் சங்கீதம். ஆறே வசனம். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்று ஆரம்பிக்கிறது. முதல் இரண்டு வசனத்துக்குள் "எதுவரைக்கும்" நான்கு முறை வருகிறது. அடுத்த இரண்டு வசனம் கேட்பது: என் கண்களைத் தெளிவாக்கும், நான் செத்துப்போகாமல் காப்பாற்றும். கடைசி இரண்டில்தான் நம்பிக்கையும் பாட்டும். தாவீது பாட்டில் ஆரம்பிக்கவில்லை, பாட்டில் வந்து சேருகிறார். ஆலயத்தில் நாம் பெரும்பாலும் ஆறாம் வசனத்தைத்தான் எடுத்துச் சொல்லுகிறோம். முதல் நாலு வசனமும் வேதம்தான்.

இதை இப்படிச் செய்யுங்கள். வீட்டில் ஆள் இல்லாத நேரம் பார்த்து ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே "கர்த்தாவே" என்று எழுதுங்கள். உங்கள் முறையீட்டை மனிதர்களிடம் அல்ல, அவரிடமே சொல்லுகிறீர்கள் என்பதற்கு அந்த ஒரு வார்த்தைதான் அடையாளம். அப்புறம் "எதுவரைக்கும்" என்று நான்கு வரி. பொதுவாக எழுதாதீர்கள். "எதுவரைக்கும் இந்தப் பாடு" என்பது பொதுவாக எழுதுவது. நான் எழுதியது: "எதுவரைக்கும் அவர் நாக்கு வறண்டு ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்காருவதை நான் பார்த்துக்கொண்டிருப்பேன்?" பிறகு ஒரே ஒரு விண்ணப்பம். பாட்டு வரவில்லையென்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். ஐந்தாம் ஆறாம் வசனத்தை வலிந்து எழுத வேண்டாம். எனக்கு அது வர ஏழு வாரம் ஆனது. தாளை மடித்து பைபிளுக்குள் வையுங்கள், கிழித்துப் போடாதீர்கள். பின்னால் அது தேவைப்படும்.

முறையிடுவது அவிசுவாசம் என்று யாராவது சொன்னால் யோபுவின் கடைசி அதிகாரத்தைக் காட்டுங்கள். தேவனிடம் அத்தனை காரசாரமாகப் பேசிய யோபு சரியாகப் பேசினான் என்றும், தேவனுக்காக வக்காலத்து வாங்கிய மூன்று சிநேகிதரும் சரியாகப் பேசவில்லை என்றும் கர்த்தரே சொல்லுகிறார். அந்தச் சிநேகிதர்கள் செய்த ஒரே நல்ல காரியம், முதல் ஏழு நாள் தரையில் அவனோடு உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்ததுதான்.

நோய்க்காக நன்றி சொல்ல வேண்டுமா?

இந்தக் கேள்வியில் எனக்கு நெருக்கமானவர்களே என்னோடு ஒத்துப்போவதில்லை. என் முடிவைச் சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். தெசலோனிக்கேயருக்கு எழுதும்போது பவுல் "எல்லாவற்றிலேயும்" என்கிறார். எந்த நிலைமையில் இருந்தாலும் அதற்குள்ளிருந்து என்று அர்த்தம். எபேசியரில் "எல்லாவற்றிற்காகவும்" என்றும் எழுதியிருக்கிறாரே என்று கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான், நானும் கேட்டேன். ஆனால் அதே பவுல் தன் மாம்சத்திலிருந்த முள்ளுக்காக நன்றி சொல்லிவிட்டுச் சும்மா இருக்கவில்லை; அதை எடுத்துப்போடும்படி மூன்று முறை கெஞ்சினார். "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில் அந்தக் கெஞ்சலுக்குப் பிறகுதான் வந்தது.

எனக்கு இது புரிந்தது ஒரு நற்கருணை ஆராதனையில். மாதத்தின் முதல் ஞாயிறு. என் கணவர் ஒரு கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டு முழங்காலிட்டிருந்தார். எங்கள் சபைப் போதகரான ஐயர் வழக்கமாகச் சொல்லுகிற வார்த்தைகளைச் சொன்னார்: கர்த்தராகிய இயேசு தாம் காட்டிக்கொடுக்கப்பட்ட அன்று இராத்திரியிலே அப்பத்தை எடுத்து, ஸ்தோத்திரம்பண்ணி. சின்ன வயதிலிருந்து கேட்ட வார்த்தைகள். அன்றைக்குத்தான் காதில் விழுந்தன. எந்த ராத்திரி? காட்டிக்கொடுக்கப்பட்ட ராத்திரி. எதற்கு ஸ்தோத்திரம்? கையிலிருந்த அப்பத்துக்கு. யூதாஸுக்காக அவர் ஸ்தோத்திரம் பண்ணவில்லை, சிலுவையை நல்லது என்று சொல்லவும் இல்லை. அதே ராத்திரி, சில மணி நேரம் கழித்து, கெத்செமனேயில் முகங்குப்புற விழுந்து, இந்தப் பாத்திரத்தை எடுத்துப்போடும் என்று கெஞ்சினார். ஸ்தோத்திரமும் கெஞ்சலும் ஒரே ராத்திரியில், ஒரே வாயிலிருந்து வந்தன. ஒன்று மற்றொன்றைப் பொய்யாக்கவில்லை.

அன்று நான் எழுந்து வந்து பெஞ்சில் உட்கார்ந்து நிறைய நேரம் அழுதேன். ஏனென்றால் அப்பத்துக்கு நன்றி சொல்ல எனக்கு முடியும். சிறுநீரகம் போனதற்குத்தான் முடியவில்லை. அது என்னிடம் கேட்கப்படவே இல்லை என்று தெரிந்தபோது நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது.

நோட்டு

அந்த வாரமே நாசரேத் கடையில் 80 பக்க கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கினேன். அன்றன்றைக்குக் கையில் கிடைத்த அப்பம் எது என்று ராத்திரி ஒரு வரி எழுத வேண்டும், அவ்வளவுதான். ஆனால் இதற்குச் சில விதிகளை நானே போட்டுக்கொண்டேன். அவை இல்லாமல் எழுதிய முதல் பத்து நாள் நோட்டு, ஜெபக்கூட்டத்தில் நாலு பேருக்கு வாசித்துக் காட்ட எழுதியது மாதிரி இருந்தது.

அன்றைக்கு நடந்ததாக இருக்க வேண்டும். கண்ணால் பார்த்ததாக, கையால் தொட்டதாக, நாக்கில் பட்டதாக இருக்க வேண்டும். "குடும்பம், சுகம், சமாதானம்" என்று எழுதினால் அடித்துவிட்டு வேறு எழுத வேண்டும். இரண்டாவது விதி இன்னும் முக்கியம்: இன்னொருவர் வேதனையை வைத்து நம் நன்றியை உண்டாக்கக் கூடாது. "பக்கத்துப் படுக்கைக்காரருக்குக் காலையே எடுத்துவிட்டார்கள், நமக்கு அப்படி இல்லை, ஸ்தோத்திரம்" என்று நானும் ஒருநாள் எழுதினேன். மறுநாள் அவருடைய மனைவி எனக்கு ஒரு டப்பாவில் இட்லி கொண்டுவந்து தந்தார். அந்த வரியை நான் அடித்த கோடு அடுத்த பக்கத்திலும் பதிந்திருக்கிறது. மற்றவர் நம்மைவிடக் கீழே இருந்தால்தான் வருகிற நன்றி, ஆலயத்தில் நின்று "நான் இந்த ஆயக்காரனைப்போல இல்லை" என்று ஜெபித்த பரிசேயனுடைய நன்றி. அவனும் தேவனுக்கு ஸ்தோத்திரம் சொல்லித்தான் ஜெபித்தான்.

ஒன்றும் தோன்றாத நாளில் தேதியை மட்டும் எழுதிவிட்டு வெறுமையாக விடலாம். வெற்று வரியும் உண்மைதான்.

சில வரிகளைச் சொல்லுகிறேன், அளவு தெரியட்டும். எங்கள் ஃபிரிட்ஜ் ட்ரேயில் ஒரு ஐஸ் கட்டி உருகினால் 15 மில்லி. நானே உருக்கி அளந்தேன். 15 மில்லி தண்ணீர் ஒரு நொடியில் போய்விடும், ஐஸ் கட்டி நாலைந்து நிமிடம் வாயில் நிற்கும். 2018 மே 11: "ஐஸ் கட்டியில் ஒரு புதினா இலை வைத்து உறைய வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு சப்பினார்கள்." டயாலிசிஸுக்காக இடது கையில் ரத்தக்குழாய்களை இணைத்து ஃபிஸ்டுலா போட்டிருந்தார்கள். அது வேலை செய்தால் தோலுக்கு அடியில் உர்ரென்று ஓர் அதிர்வு தெரியும். படுக்கும் முன் தினமும் விரல் வைத்துப் பார்ப்பேன். எத்தனையோ நாள் என் நோட்டில் இருப்பது இரண்டே வார்த்தை: "அதிர்வு இருக்கிறது." 2020 ஏப்ரலில், ஊரடங்கு நேரத்தில்: "வழியில் மூன்று இடத்தில் போலீஸ் நிறுத்தினார்கள். டிரைவர் தம்பி மூன்று இடத்திலும் முகம் சுளிக்காமல் இறங்கிப் போய்ச் சீட்டைக் காட்டினான்."

இப்படி எழுத ஆரம்பித்தால் கண் மாறும். சாயங்காலம் எழுத வேண்டுமே என்று காலையிலிருந்தே தேட ஆரம்பிப்பீர்கள். எனக்கு இரண்டு மாதத்தில் அது வந்தது. வலி குறையவில்லை. வலியைத் தவிர வேறு எதுவும் வீட்டில் இல்லை என்கிற எண்ணம் குறைந்தது. "அவைகள் காலைதோறும் புதியவைகள்" என்று புலம்பலில் எழுதியிருக்கிறதே, அந்தப் புத்தகத்துக்குப் பேரே புலம்பல். எருசலேம் எரிந்து கிடக்கும்போது, ஐந்து அதிகாரப் புலம்பலுக்கு நட்ட நடுவில் அந்த வசனம் இருக்கிறது.

எழுதினால் மட்டும் போதாது, மனிதர்களிடமும் சொல்லுங்கள். நம்மவர்கள் தேவனுக்கு ஸ்தோத்திரம் சொல்லுகிற அளவுக்கு ஊசி குத்துகிற பிள்ளைக்கு நன்றி சொல்லுவதில்லை. டயாலிசிஸ் டெக்னீசியன் ஒவ்வொரு முறையும் இரண்டு பெரிய ஊசி குத்த வேண்டும். ஒருநாள் அந்தப் பெண்ணிடம், "நீ குத்தினா அவங்களுக்கு வலி கம்மியா இருக்குன்னு சொல்றாங்கம்மா" என்றேன். அவள் திரும்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள்.

உதவி தேடுவதும் விசுவாசம்தான்

இதை எழுதாமல் விட்டால் நான் எழுதிய மற்றதெல்லாம் யாருக்காவது கெடுதலாகிவிடும்.

எலியா சூரைச்செடியின் கீழே படுத்துக்கொண்டு, "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்றார். கர்த்தர் அவருக்குப் பிரசங்கம் செய்யவில்லை. தூக்கம் கொடுத்தார், சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தார், மறுபடியும் தூங்கவிட்டார், மறுபடியும் சாப்பிடச் சொன்னார். வாரக்கணக்கில் தூக்கம் இல்லையா, சாப்பாடு இறங்கவில்லையா, செத்துப்போகலாம் என்று நினைப்பு வருகிறதா? நோட்டை மூடிவைத்துவிட்டு டாக்டரைப் பாருங்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்கு எந்த நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது. எனக்கே 2019இல் ஆறு மாதம் மாத்திரை தேவைப்பட்டது. சிறுநீரகத்துக்கு டாக்டர் என்றால் ஒத்துக்கொள்ளுகிறோம், மனசுக்கு என்றால் விசுவாசக்குறைவு என்கிறோம். அது நியாயமில்லை.

இன்னொன்று. உங்கள் பாடு இன்னொரு மனிதனால் வருகிறதா, அடிக்கிறானா, மிரட்டுகிறானா? அதைச் சிலுவை என்று சுமக்கச் சொல்லி என் எழுத்தை யாரும் காட்ட வேண்டாம். அந்த வீட்டிலிருந்து வெளியே வாருங்கள். பெண்களுக்கு 181 என்ற உதவி எண் இருக்கிறது. தாவீது சவுலின் ஈட்டிக்குத் தப்பி ஓடினார், அங்கேயே உட்கார்ந்து ஸ்தோத்திரம் சொல்லவில்லை.

வேலூரில் பால் பிராண்ட் என்ற டாக்டர் இருந்தார். 1914இல் கொல்லிமலையில் மிஷனெரிப் பெற்றோருக்குப் பிறந்தவர், 1946இல் வேலூர் சிஎம்சிக்கு வந்தவர். தொழுநோயாளிகளின் விரல்களும் பாதங்களும் சிதைந்துபோவது சதை அழுகுவதால் அல்ல, வலி தெரியாமல் போவதால்தான் என்று கண்டுபிடித்துச் சொன்னார். சூடான பாத்திரத்தைத் தொட்டாலும் தெரியாது, முள் குத்தினாலும் தெரியாது, அதனால் புண் மேல் புண். வலி வேண்டும் என்றார் அவர். மனசின் வலியை "ஸ்தோத்திரம்" என்ற வார்த்தையால் மரத்துப்போகச் செய்தால், நமக்கும் எங்கே காயம் என்று தெரியாமல் போய்விடும்.

வளர்ச்சி என்று எதைச் சொல்லுவது

உபத்திரவம் பொறுமையையும், பொறுமை பரீட்சையையும், பரீட்சை நம்பிக்கையையும் உண்டாக்கும் என்று ரோமர் 5இல் வாசிக்கிறோம். டீச்சராக இருந்ததால் அந்தப் "பரீட்சை"யை நான் எப்போதும் தேர்வு என்றே வாசித்தேன். தேவன் கேள்வித்தாள் கொடுத்துவிட்டு நாம் தேறுகிறோமா என்று பார்ப்பது போல. அந்த இடத்தில் சொல்லப்படுவது சோதித்துப் பார்த்து நல்லது என்று தெரிந்த தன்மை, புடம்போட்ட பொன்னுக்கு இருக்கிற தன்மை என்று எங்கள் ஐயர் விளக்கினார். பொன்னுக்குத் தன் மினுக்கம் தெரியாது, பார்க்கிறவர்களுக்குத்தான் தெரியும். அதனால் "நான் வளர்ந்துவிட்டேனா" என்று உங்களையே அளந்துகொண்டிருக்காதீர்கள். என்னைக் கேட்டால், எனக்குப் பொறுமை வந்ததாகவே தோன்றவில்லை. என் மகள்தான் ஒருநாள் சொன்னாள்: "அம்மா, நீங்க இப்பல்லாம் யாராவது பேசினா நடுவுல பதில் சொல்றதில்ல, முழுசாக் கேக்குறீங்க." அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த வளர்ச்சி.

என் கணவர் போனபிறகு நோட்டில் 40 நாளுக்கு மேல் வெறும் தேதிகள்தான். அப்போது எனக்குத் துணையாக இருந்தது 88ஆம் சங்கீதம். சங்கீதங்களில் அது தனி. "எனக்கு அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள்" என்று முடிந்துவிடுகிறது. கடைசியில்கூட ஸ்தோத்திரம் வராது. அப்படி ஒரு ஜெபத்தையும் பரிசுத்த வேதாகமத்துக்குள் வைத்திருக்கிறாரே என்பது எனக்கு ஆறுதலாக இருந்தது. துக்க வீட்டுக்குப் போகிறவர்கள், தேவனிடத்தில் அன்புகூருகிறவர்களுக்குச் சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கும் என்கிற ரோமர் 8:28ஐ முதல் வாரத்தில் எடுக்காதீர்கள். சத்தியம்தான், ஆனால் அதைச் சொல்லுகிற உரிமை துக்கப்படுகிறவருக்கு உரியது. அவர் சொல்லும்போது நீங்கள் ஆமென் சொல்லுங்கள்.

அந்த வருடக் கடைசியில் டோனாவூருக்குப் போனேன். அங்கே ஆதரவற்ற பிள்ளைகளை வளர்த்த மிஷனெரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931இல் ஒரு குழியில் தவறி விழுந்து அடிபட்டு, 1951இல் இறக்கும்வரை பெரும்பாலும் தன் அறையிலேயே கிடந்தார்கள். அவர்கள் எழுதியவற்றில் பல அந்தப் படுக்கையிலிருந்து வந்தவை. கல்லறையில் தலைக்கல் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். பறவைகளுக்குத் தண்ணீர் வைக்கிற ஒரு கல் தொட்டி மட்டும் இருக்கிறது, அதில் "அம்மை" என்று வெட்டியிருக்கிறது. நான் போன அன்று அதில் தண்ணீர் இருந்தது. 800 மில்லிக்கு மேலேயே இருக்கும் என்று மனசு தானாகக் கணக்குப் போட்டது. அங்கேயே நின்று, பழைய "எதுவரைக்கும்" தாளை பைபிளிலிருந்து எடுத்து, அன்றைக்கு எழுதாமல் விட்டிருந்த இடத்தில் ஒரு வரி எழுதினேன். என்ன எழுதினேன் என்பது எனக்கும் கர்த்தருக்கும் உள்ளது.

இப்போது சனிக்கிழமைகளில், துணைக்கு ஆள் இல்லாத ஒரு பாட்டியம்மாவோடு டயாலிசிஸுக்குப் போகிறேன். தனக்குக் கிடைத்த ஆறுதலால் மற்றவரை ஆற்றச் சொல்லுகிறாரே பவுல், அதைச் செய்ய வசனம் மனப்பாடமாகத் தெரிய வேண்டியதில்லை. நீங்களும் யாரோடாவது போவதாக இருந்தால், ஃபிஸ்டுலா போட்ட கையில் பி.பி. பார்க்க விடாதீர்கள். வீட்டிலிருந்தே சின்ன ஃபிளாஸ்க்கில் நாலைந்து ஐஸ் கட்டி கொண்டுபோங்கள். அவர்கள் அளவுக்குள் எத்தனை தரலாம் என்று நர்ஸிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பேச வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஒரு கனமான சால்வை எடுத்துப் போங்கள். ரத்தம் மெஷினுக்குள் போய்த் திரும்பும்போது மூன்றாவது மணி நேரத்தில் நல்ல குளிர் எடுக்கும். முதலில் பாதங்களை மூடுங்கள்.